பூட்டு வளர்த்த பவளங்கள்

பெண்கள் சிறையில் கைதிகள் அவளுக்கு வைத்த பெயர் பூட்டு. ஒருத்தியின் மணிக்கட்டை அவள் பிடித்துவிட்டால் பிடித்தது பிடித்ததுதான். பிடிபட்டவள் உதைத்தாலும் கடித்தாலும் காறித் துப்பினாலும் அந்த விரல்கள் இளகாது. ஆள் அதிகம் பேசவும் மாட்டாள். கைக்கும் வாய்க்கும் சேர்த்து வைத்த பெயர் அது. நாளடைவில் உடன் வேலை பார்த்த வார்டர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டில் கணவர் மட்டும், அதுவும் நல்ல மனநிலையில் இருக்கும்போது, "என்ன பூட்டு, இன்னைக்கு வாயத் திறக்கிற உத்தேசம் உண்டா?" என்று சீண்டுவார்.

வேலைக்குச் சேர்ந்த வருடமே ஒரு கைதி அவளுடைய பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டு முகத்தைக் குழாயில் மோதினாள். மறுநாள் பூட்டு முடியைக் கழுத்துக்கு மேல் வெட்டிக்கொண்டு வந்தாள். கணவரின் அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் அவளைத் தம்பி, தம்பி என்றே கூப்பிட்டாள். பூட்டு கோபித்துக்கொள்ளவில்லை. பின்னல் இல்லாத தலையை யாரும் பிடிக்க முடியாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வாங்கிய அடிக்குக் குறையாமல் அவளும் கொடுத்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்த அன்று, பூட்டு அவளுடைய தாடையில் இரண்டு கைகளையும் கொடுத்துத் திறந்தாள். காது தப்பியது, தாடை நகர்ந்துவிட்டது. அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவள், விரலில் எச்சில் வாடை அடிக்கிறது என்று எழுந்து எழுந்து போய்க் கை கழுவினாள். கணவர் ஏன் என்று கேட்கவில்லை.

பவளம் அவள் வாழ்க்கையில் வந்ததும் ஒரு அடிதடியால்தான். துணி துவைக்கிற இடத்தில் நடந்த சண்டையில் இரும்பு வாளி ஒன்று பறந்து வந்து அவள் வாயில் பட்டது. உடைந்த பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பல் மருத்துவரிடம் போனாள். காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. நீல விளக்கின் கீழே, தொட்டியின் அடியில், யாரோ ஒரு கிண்ணத்தைக் கசக்கிக் கவிழ்த்தது போல ஒன்று படர்ந்திருந்தது. பச்சை உடம்பு. அதன் மேல் அங்கங்கே ஆரஞ்சு நிறக் கண்கள், உள்ளே விளக்கு ஏற்றியது மாதிரி. ரத்தம் ஊறிய பஞ்சைக் கடித்துக்கொண்டு அவள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழவில்லை. வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வந்து தோளைத் தொட்டபோது, இது பூவா கல்லா என்று கேட்டாள். ரெண்டும் இல்லை, உயிருள்ள பவளம், சாலிஸ் என்று பெயர், கடல் தண்ணீர் மாதிரி உப்புத் தண்ணீரில்தான் இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

கணவருக்குக் கண்ணாடி வெட்டுகிற வேலை. ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி பொருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார். மனைவி கல்யாணமான இத்தனை வருடத்தில் எதையும் வாயைத் திறந்து கேட்டதில்லை. அவள் ஒரு தொட்டி வேண்டும் என்றதும் மனிதர் தடித்த கண்ணாடியாகப் பார்த்து வெட்டி, விளிம்பைத் தேய்த்து, சிலிகான் வைத்து ஒட்டி, கூடத்தின் சுவரோரம் ஒரு முழு ஆள் படுக்கிற நீளத்துக்குத் தொட்டி கட்டிக் கொடுத்தார். "இதுல நாம ரெண்டு பேரும் குளிக்கலாம்" என்றார். அவள் சிரித்தது அவருக்குக் கூலி.

முதலில் வாங்கிய பவளம் செத்துப்போனது. அழகாகத் தெரியட்டும் என்று விளக்குக்கு நேர் கீழே உயரமாக வைத்திருந்தாள். சில நாட்களில் நிறம் எல்லாம் வடிந்து எலும்பு மாதிரி வெளுத்துவிட்டது. இதற்கு இருட்டுதான் பிடிக்கும், அடியில் வை, தண்ணீர் மோதுகிற இடத்திலும் வைக்காதே என்று கடைக்காரர் சொன்ன பிறகு அடுத்ததை மணலோரம் வைத்தாள். வடிகட்டிய தண்ணீரில் உப்புக் கலந்து, ஒரு நாள் முழுக்கச் சுழல விட்டு, பழைய தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவாள். சூடு ஏறாமல், உப்பு கூடாமல், சுண்ணாம்புச் சத்து குறையாமல் பார்ப்பாள். வெளிச்சம் மங்கியதும் பொடி இறாலைச் சொட்டுக் குழாயில் எடுத்து ஒவ்வொரு கண்ணுக்கும் பக்கத்தில் விடுவாள். அது மெல்ல உதட்டைக் குவித்து இழுத்துக்கொள்ளும்.

சாலிஸ் பார்க்கத்தான் சாது. இருட்டினதும் நூல் மாதிரி நீண்ட கைகளை வெளியே விடும். பக்கத்தில் இன்னொரு பவளம் எட்டினால் போதும், தொட்ட இடமெல்லாம் வெந்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இடம் விட்டு வைக்க வேண்டும். பூட்டு ஒவ்வொரு அறையிலும் யாரை யாரோடு போடக் கூடாது என்று பார்த்துப் பழகியவள். அந்த விஷயத்தை அவளுக்கு யாரும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச காலத்தில் பச்சை, ஆரஞ்சு, ஊதா, சிவப்பு விளிம்பு போட்ட சாம்பல் என்று தொட்டியின் அடி முழுக்கக் கிண்ணங்கள் விரிந்துவிட்டன. வேலை முடிந்து வந்தால் சீருடையைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் முன் போய் உட்கார்ந்துவிடுவாள்.

சிறைச் சமையல் கூடத்தில் செம்பட்டை என்று ஒரு கைதி வேலை பார்த்தாள். முடி நிறத்தால் வந்த பெயர். அவளுடைய அம்மா மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வருவாள். ஒரு தடவை அம்மா கொண்டுவந்த சோப்புக்குள் பிளேடு இருந்தது. பூட்டுதான் கண்டுபிடித்தாள். வெளியே வரிசையில் நின்ற யாரோ அந்தக் கிழவியிடம் சோப்பை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் விதி விதிதான். செம்பட்டைக்கு வருகிறவர்களைப் பார்க்கத் தடை போட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டே செம்பட்டை கத்திப் புரண்டாள். பூட்டு அவள் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி உள்ளே இழுத்துப் போனாள். தடை முடிவதற்கு முன்னால் அம்மா இறந்துவிட்டாள்.

செய்தி வந்து சில நாட்கள் கழித்து, காலை நேரம், பூட்டு சமையல் கூடத்தில் காவலுக்கு நின்றாள். செம்பட்டை அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து அதில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருந்தாள். டீக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். சர்க்கரை போட்ட தண்ணீர் தோலில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரைக்கும் வேகும். சிறைக்குள் அது எல்லாருக்கும் தெரிந்த சமையல். செம்பட்டை பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். நிதானமாக நடந்து வந்தாள்.

"எங்கம்மா வந்தாங்க. நீ விடல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு வீசினாள்.

பூட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. இடது காது, கழுத்து, தோளிலிருந்து முழங்கைக்குக் கீழே வரை அத்தனையும் வெந்தது. சட்டைத் துணி தோலோடு ஒட்டிக்கொண்டது. அவள் கத்தவில்லை. வலது கை தானாகப் போய் செம்பட்டையின் மணிக்கட்டைப் பிடித்தது. அது திரும்பக் கூடாத பக்கம் திருப்பியது. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கீழே விழுந்தவளின் மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்த ஆரம்பித்தாள். தன் கழுத்திலிருந்து தோல் வழிந்து தொங்குவது அவளுக்குத் தெரியவில்லை. விரல் முட்டிகள் செம்பட்டையின் பல்லில் கிழிந்தன. நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்கினார்கள்.

வண்டி வரும்வரை அவளைக் குழாயடியில் படுக்க வைத்து, தலையை மடியில் வாங்கி, கழுத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது பெரிய வார்டர். அங்கே இருந்த வார்டர்களுக்கெல்லாம் தலைவி. குண்டான, சத்தமாகச் சிரிக்கிற பெண். "என்னைப் பாரு, என்னை மட்டும் பாரு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். அந்தத் தண்ணீர்தான் கையைக் காப்பாற்றியது என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

மருத்துவமனையில் கட்டு மாற்றுகிற நேரம்தான் கொடுமை. செத்த தோலைச் சுரண்டி எடுக்கும்போது பூட்டு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். ஒரு நாள் கம்பி வளைந்துவிட்டது. கணவர் தினமும் வந்து தொட்டியின் நலத்தைச் சொல்வார். தண்ணீர் எவ்வளவு சூடு, பச்சை எப்படி இருக்கிறது, ஊதா சாப்பிட்டதா என்று அவள் கேட்கக் கேட்கச் சொல்வார். கூட வந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. மனுஷன் சாப்பிட்டானா என்று ஒரு வார்த்தை கேட்டாளா பார் என்று தம்பியிடம் முறையிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, ஆறாத புண்ணோடு மீன்தொட்டித் தண்ணீரில் கை வைக்கவே கூடாது, அதில் இருக்கிற கிருமி உள்ளே போனால் கையையே எடுக்க வேண்டி வரும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடது கை வெந்தது, வலது கையில் முட்டிகள் கிழிந்திருந்தன. ஆக, இனி கணவர்தான் அவளுக்குக் கை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வாள், அவர் செய்வார். கண்ணாடி வெட்டுகிற கை நிதானமான கைதான். ஆனால் மனிதருக்கு உயிருள்ள பொருளைத் தொட பயம். பவளத்தைத் தூக்கும்போது தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொள்வார். பூட்டுக்குப் பொறுமை இல்லை. புண் அரித்தது, தூக்கம் இல்லை, கண்ணை மூடினால் பாத்திரம் வந்தது. அப்படி இல்லை, இப்படி, மெதுவா, மேல இல்லை கீழ என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். அவரும் சரி சரி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் அவள் மருந்து மயக்கத்தில் படுத்திருந்தபோது அவர் தானாகவே தொட்டியைச் சுத்தம் செய்தார். ஆரஞ்சு இருந்த இடத்தில் பாசி படர்ந்திருந்தது. ஆரஞ்சை எடுத்துப் பச்சைக்கு ஒட்டினாற்போல வைத்தார். இரண்டு நிறமும் சேர்ந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பூட்டு வந்து பார்த்தபோது ஆரஞ்சின் ஒரு பக்கம் முழுக்கக் கரைந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. மிச்சச் சதை விளிம்பில் கூழாகத் தொங்கியது. அந்தப் பவளம்தான் அவளிடம் இருந்ததிலேயே மூத்தது.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கட்டும்னு வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கத்தில் வந்தார். முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது.

தொட்டி மேல் நீண்ட இடுக்கி கிடந்தது. பவளத்தை எடுக்கிற இரும்பு இடுக்கி. அவள் அதை எடுத்தது அவளுக்கே தெரியாது. முகத்தில் அடித்தாள். அவர் தடுமாறிச் சுவரில் சாய்ந்ததும் இரண்டாவது முறை அடித்தாள். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது அவர் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். கைதிகள் உட்காருவது போல. அப்போதுதான் அவள் கை நின்றது.

அவர் எழுந்து முகம் கழுவினார். ஒரு துண்டைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"இது ஜெயில் இல்லை. நான் உன் கைதி இல்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து கடையிலேயே படுத்துக்கொண்டார். நாத்தனார் வந்து அவருடைய துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டாள். வழக்கமாக வாய் ஓயாத அந்த அம்மாள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டுக்கு அதுதான் அதிகம் சுட்டது. தொட்டியில் தண்ணீர் மாற்ற ஆள் இல்லை. ஆரஞ்சின் புண் பரவிக்கொண்டே போனது. கை வைக்க அவளுக்குத் துணிச்சல் இருந்தது. ஆனாலும் வைக்கவில்லை. சும்மா உட்கார்ந்து அது சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்துக் கடைக்குப் போனாள். அவர் மேசையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். புருவத்தில் தையல். அவள் வாசலிலேயே நின்றாள். அவர் நிமிராமல் கோட்டை இழுத்து முடித்தார்.

"நான் அடிச்சது தப்பு" என்றாள் அவள். "அங்க அடிச்சு அடிச்சு, இந்தக் கை இப்ப யாருன்னு பாக்கறதில்லை."

"அது எனக்குத் தெரியும். எப்ப வீட்டுக்கு வரும்னுதான் பயந்துகிட்டே இருந்தேன்." அவர் கண்ணாடியை ஒடித்து ஓரமாக வைத்தார். "இன்னொரு தடவை ஓங்கினா, அடிக்கக்கூட வேண்டாம், ஓங்கினாலே போதும், நான் போயிடுவேன். திரும்ப வர மாட்டேன்."

சரி என்றாள். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சை வெளியே எடுத்து, பவள எலும்பை வெட்டுகிற சின்ன ரம்பத்தால் செத்த பாகத்தை நறுக்கி எறிந்து, அயோடின் கலந்த தண்ணீரில் முக்கி, மிஞ்சிய உள்ளங்கை அளவுத் துண்டைக் கல்லில் ஒட்டித் தனியாக வைத்தார். எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்லச் செய்தார். இந்தத் தடவை அவள் அதட்டவில்லை.

கை ஆறி அவள் வேலைக்குத் திரும்பிய அன்று பெரிய வார்டர் வாசலிலேயே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். தனியறைகள் இருக்கும் பக்கம் அழைத்துப் போனாள். அங்கே ஒரு கதவைத் திறந்து, "இவ உனக்காக இருக்கா. நாங்க அப்பப்போ கொஞ்சம் கவனிச்சுக்கிட்டோம். வெளிய நான் பாத்துக்கறேன், நீ போ" என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

மூலையில் செம்பட்டை இருந்தாள். அவள்தான் என்று சொல்ல முடியைத் தவிர வேறு அடையாளம் இல்லை. முன்பல் வரிசையே இல்லை. ஒரு கண் மூடிப் பழுத்திருந்தது. வெறுங்காலில் நகங்கள் கறுத்திருந்தன. கவனித்துக்கொண்டது என்றால் இதுதான். பூட்டைப் பார்த்ததும் அவள் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நேராக ஓடிவந்து வயிற்றில் முட்டினாள். இரண்டு பேரும் கதவில் மோதினார்கள். செம்பட்டை பூட்டின் இடது கையைக் கடித்தாள். புதுத் தோல் ஈரக் காகிதம் மாதிரி கிழிந்தது. பூட்டு அவள் தொண்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினாள். அழுத்தினாள். கால்கள் தரையைத் தேடி உதைத்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முடிந்துவிடும் என்பது விரலுக்குத் தெரிந்தது.

செம்பட்டை நல்ல கையால் அடிக்கவில்லை, முகத்தை மறைக்கவும் இல்லை. உடைந்த மணிக்கட்டை வயிற்றோடு ஒட்டி அந்தக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். எங்கே வேண்டுமானாலும் அடி, இங்கே மட்டும் வேண்டாம் என்பது போல. அது கோணலாக வீங்கி, கறுப்பும் பச்சையுமாக இருந்தது. பூட்டு கையை எடுத்தாள். செம்பட்டை சரிந்து உட்கார்ந்து இருமினாள்.

"கட்டுப் போடலையா?" என்று பூட்டு கேட்டாள்.

"டாக்டரை யாரும் கூப்பிடல."

பூட்டு வெளியே வந்தாள். அதுக்குள்ளயா என்று பெரிய வார்டர் சிரித்தாள். "என் பங்கை நான் அன்னைக்கே குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, ரத்தம் சொட்டுகிற கையோடு நேராக மருத்துவர் அறைக்குப் போய் அவரை அழைத்து வந்தாள்.

மருத்துவர் பார்த்ததை மேலே சொன்னார். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வார்டர்கள் எல்லாரும், வழுக்கி விழுந்தாள், தானே சுவரில் மோதிக்கொண்டாள் என்று ஒரே மாதிரி சொன்னார்கள். பூட்டின் முறை வந்தது. மணிக்கட்டு நான் உடைத்தது, அவள் கீழே விழுந்த பிறகும் அடித்தேன், மற்றதெல்லாம் பெரிய வார்டரும் இன்னும் இரண்டு பேரும் என்றாள். எழுந்து வந்துவிட்டாள். சொல்ல வேண்டியது அதற்குள் முடிந்திருந்தது. பெரிய வார்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பூட்டுக்கும் வரவிருந்த பதவி உயர்வு போயிற்று.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது பெரிய வார்டர் அவள் முன்னால் நின்றாள். சிரிப்பு இல்லாமல் அந்த முகத்தைப் பூட்டு அன்றுதான் பார்த்தாள்.

"உன் கழுத்துல தண்ணி ஊத்தினது இந்தக் கைதான். மறந்துட்டியா?"

"மறக்கல. அவ பல்லை உடைச்சதும் அதே கைதான்."

பிறகு அவளோடு யாரும் பேசவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு அடிதடி வந்தபோது பூட்டு தனியாக நடுவில் மாட்டிக்கொண்டாள். விசில் ஊதினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று வார்டர்கள் நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர்கள் வரவில்லை. தட்டாலும் காலாலும் வாங்கினாள். விலா எலும்பு இரண்டு விரிசல் விட்ட பிறகுதான் கதவு திறந்தது. வீட்டுக்கு வந்து மூச்சு விட முடியாமல் சோபாவில் சாய்ந்தபடி, ஆரஞ்சு விளிம்பில் புதுச் சதை வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். கணவர் தரையில் படுத்து உற்றுப் பார்த்து, நகக்கண் அளவுக்கு வந்திருக்கிறது என்றார்.

விலாவுக்காக விடுப்பில் இருந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள். பட்டப்பகல். கணவர் அன்று தண்ணீர் மாற்றுவதற்காகக் கலந்து வைத்த உப்புத் தண்ணீர் பெரிய டிரம்மில் சுழன்றுகொண்டிருந்தது. அவர் தொட்டியின் முன்னால் குழாயோடு நின்றிருந்தார். பூட்டு சமையலறையில் இருந்தாள். கதவை உதைத்து இரண்டு பேர் உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் பெரிய வார்டரின் தம்பி. கையில் இரும்புக் குழாய். அக்கா வேலையைத் தின்றவள் எங்கே என்று கேட்டுக்கொண்டே கணவரின் முழங்காலில் அடித்தான். அவர் விழுந்தார். அடுத்த அடி தொட்டியில்.

தடித்த கண்ணாடி முதல் அடிக்குத் தாங்கியது. இரண்டாவதுக்கு முன்பக்கம் முழுவதும் வெடித்தது. தண்ணீர் சுவர் மாதிரி வெளியே வந்து நாற்காலிகளைத் தள்ளியது. அதோடு மணலும் கல்லும் பவளமும் கூடத்தில் இறைந்தன. தண்ணீருக்குள் வயர்கள் பொறி விட்டன. கணவர் காலை இழுத்துக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்து மெயின் சுவிட்சை இறக்கினார். இல்லாவிட்டால் அன்று அங்கே எல்லாரும் போயிருப்பார்கள்.

பூட்டு வந்தபோது தம்பிக்காரன் மூன்றாவது தடவை ஓங்கிக்கொண்டிருந்தான். அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். குழாய் விழுந்தது. கூட வந்தவன் அவள் விலாவில் உதைத்துவிட்டு, வழுக்கி விழுந்து, எழுந்து ஓடிப்போனான். வலியில் கண் இருட்டியது. ஆனாலும் கை விடவில்லை. தம்பிக்காரனை இழுத்துத் தரையில் போட்டு, முதுகில் முழங்காலை வைத்து, முகத்தைக் கண்ணாடித் துண்டுகள் மேல் அழுத்தித் தேய்த்தாள். அவன் அலறினான். கன்னத்திலிருந்து வந்த ரத்தம் உப்புத் தண்ணீரில் பரவியது. இன்னொரு தடவை தலையைத் தூக்கினாள்.

"அவனை விடு" என்றார் கணவர். அவர் தண்ணீரில் நாலு காலில் இருந்தார். கையில் ஊதாப் பவளத்தின் இரண்டு துண்டுகள். "விட்டுட்டு பக்கெட்டை எடு. இதெல்லாம் காஞ்சிடும்."

அவள் அவரைப் பார்த்தாள். தூக்கிய தலையை என்ன செய்வது என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு கையை விரித்தாள். தம்பிக்காரன் முகத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான். அவள் பக்கெட்டை எடுத்து டிரம்மிலிருந்து மொண்டாள்.

இரண்டு பேரும் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பொறுக்கினார்கள். சாலிஸின் எலும்பு மெல்லிய தட்டு. விழுந்தவை எல்லாம் பிஸ்கட் மாதிரி உடைந்திருந்தன. பாசி தின்பதற்காகத் தொட்டியில் விட்டிருந்த சின்ன மீன்கள் சோபாவுக்கு அடியில் துடித்து அடங்கியிருந்தன. அவர் உள்ளங்கையும் அவள் முழங்காலும் கண்ணாடி ஏறிக் கிழிந்தன. பச்சையின் துண்டு இது, இல்லை இது சாம்பலுடையது என்று பேசிக்கொண்டே பிரித்துப் பிரித்து வேறு வேறு பக்கெட்டில் போட்டார்கள். ஒரே பக்கெட்டில் போட்டால் அங்கேயும் ஒன்றை ஒன்று சுட்டுக்கொள்ளும். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். போலீஸ் வந்தபோதும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

தம்பிக்காரனைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்தக் கன்னத்தோடு அவன் எங்கேயும் ஒளிந்துகொள்ள முடியவில்லை. அவனும் கூட்டாளியும் தண்டனை பெற்றார்கள். பெரிய வார்டரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பூட்டை உள்ளே அனுப்பாமல், வருகிறவர்களைச் சோதிக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அவள் மறுக்கவில்லை. செம்பட்டையின் மணிக்கட்டை மருத்துவமனையில் மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். சேர்ந்தது, ஆனால் கை முழுவதும் திரும்பாது. விடுதலையாகிப் போன அன்று அவள் பூட்டைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. நின்று அவள் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். பூட்டு அவள் கையைப் பார்த்தாள். செம்பட்டை போய்விட்டாள்.

கணவர் நொண்டிக்கொண்டே புதுத் தொட்டி கட்டினார். முன்னதைவிடச் சின்னது. உடைந்த துண்டுகளில் பாதி வெளுத்துப்போய்ச் செத்தன. மிச்சத்தைக் கல்லில் ஒட்டி வைத்தார்கள். ஒவ்வொரு துண்டும் தன் வெட்டுக் காயத்தை மூடி, அப்புறம் கிண்ணமாக விரிய ஆரம்பித்தது. ஒரு பச்சை இருந்த இடத்தில் இப்போது ஐந்து பச்சை இருந்தன. இடம் போதவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டார். அவள் கைக்கு இப்போது தடை இல்லை. ஆனாலும் இறால் ஊட்டுவதை அவரே செய்கிறார். பழகிவிட்டது.

பூட்டு அதற்குப் பிறகு அவர்மேல் கை ஓங்கியதில்லை. ஆனால் ஏதாவது ஒரு துண்டை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் பேச்சு முற்றி அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால், அவர் ஓரடி பின்னால் நகர்ந்து நிற்பார். நகர்வது அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும். உடனே கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு, அவர் திரும்பி முன்னால் வரும்வரை பேசாமல் இருப்பாள்.